மென்படலமும் ஈயப்பூச்சும்

விஞ்ஞானம் பயில்வார்க்குத் தமிழ் வேண்டுவதில்லை என்றும், தமிழ் பயில்வார்க்கு விஞ்ஞானம் எட்டாது என்றும் நம் கல்லூரியில் ஒரு சாரார் கூறுவர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதனை யாம் அண்மையில் கண்கூடாகக் கண்டோம். அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம் நண்பரொருவர் பௌதிகம் பயில்பவர். சென்ற கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிலையமொன்றில் இரு திங்கள் தங்கி, துத்தநாக ஆக்சைடின் மென்படலங்களை லேசரால் ஆக்கும் முறையைப் பழகி மீண்டார். அவர்தம் தந்தையார் பித்தளைப் பாத்திரங்கட்கு ஈயம் பூசுபவர். எவர்சில்வர் பெருகியபின் அத்தொழில் அருகிவிட்டது. எனினும் அவ்வருவாய் கொண்டே மகனைக் கல்லூரிக்கு விடுத்தார். யாம் அவரில்லம் சென்றிருந்த ஞான்று, "அங்கே என்ன வேலை செய்தாய், தம்பி?" என்று அவர் வினவினார். நண்பர் வாய் திறந்தார். வந்தன யாவும் ஆங்கிலச் சொற்களே. தந்தையார் சிறிது பொழுது கேட்டிருந்து, "சரி, நல்லபடியாகப் படி" என்று கூறி எழலாயினார். மகன் முகம் வாடிற்று. ஊட்டி வளர்த்த மொழியிலே தந்தைக்குத் தன் வேலையைச் சொல்ல மாட்டாத கல்வி என்ன கல்வி என்று எமக்குத் தோன்றிற்று. அவரை அமரச் செய்து, நண்பரை ஒவ்வொன்றாக வினவி, யாம் தமிழில் உரைக்கலானோம்.

துத்தநாக ஆக்சைடு புதுப்பொருளன்று; வெள்ளை வண்ணத்திலும் தோற்களிம்பிலும் சேர்வதே. அத்தூளை அழுத்திச் சுட்டு வில்லையாக்கி, காற்று நீக்கிய எஃகுக் கலத்தினுள் சுழல வைப்பர். நான்கைந்து சென்டிமீட்டர் எதிரே, சஃபையர் முதலிய தகடொன்றைப் பல நூறு பாகை சூடேற்றி நிறுத்துவர். பின்னர்க் கலத்தின் சாளரம் வழியே லேசர் ஒளியை வில்லைமேற் குவிப்பர். கிரிப்டான் ஃபுளோரைடு லேசராயின் அதன் அலைநீளம் 248 நானோமீட்டர். கட்புலனாகாத புற ஊதா ஒளி. அது தொடர்ந்து பாயாது, வினாடிக்கு 5 அல்லது 10 முறை துடித்துப் பாயும். ஒரு வினாடியை 100 கோடிக் கூறாக்கின், ஒரு துடிப்பு நிற்பது அவற்றுள் 20 அல்லது 30 கூறே. அச்சிறு பொழுதில் வில்லையின் மேற்பரப்பு ஆவியாகி, தீக்கொழுந்து போல் எழுந்து தகட்டிற் படியும். ஓரிடமே குழியாகாதிருத்தற் பொருட்டு வில்லை சுழல்கின்றது. ஒரு துடிப்பிற் படிவது ஓரணுக் கனமும் இராது. பல்லாயிரந் துடிப்புகளாலேயே படலம் நிரம்பும்.

"தகட்டை எதற்குச் சூடாக்க வேண்டும்?" என்று தந்தையார் இடைமறித்தார். படிந்த அணுக்கள் தத்தமக்குரிய இடத்திற்கு நகர்ந்து ஒழுங்குற அமைதற்கு வெம்மை வேண்டுமென நண்பர் விளக்கினார். "பாத்திரம் காயாவிட்டால் ஈயம் ஓடாது, நன்றாகத் துலக்காவிட்டால் பிடிக்காது" என்றார் அவர். தகட்டையும் முன்னரே துலக்குவதுண்டு என்று நண்பர் வியப்புடன் கூறினார். "திட்டுத் திட்டாக விழாதா?" என்பது அடுத்த வினா. அம்முறைக்குரிய பெருங்குறை அதுவேயன்றோ! உருகிய நுண்துளிகள் தெறித்துப் படலத்திற் படிதலுண்டு. பின்னர் ஆக்சிஜனைப் பற்றிப் பேச்செழுந்தது. கலத்துள் அதனைச் சிறிதளவே விடின் படலம் வழவழப்பாய் அமையும். மிகுத்து விடின், அணுக்கள் வழியிலேயே மோதித் திரண்டு, நானோ அளவினவாகிய துகள்களாகவோ தூண்களாகவோ படிதல் கூடும். இவை புற ஊதா ஒளியையும் நச்சு வாயுக்களையும் உணர்த்தும் கருவிகட்குப் பயன்படுவன.

லேசர் 1960இல் தோன்றியது; 1965இலேயே அதனாற் படலம் ஆக்கிப் பார்த்தனர். எனினும், 1987இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வெங்கடேசன் முதலியோர் உயர்வெப்ப மீகடத்திப் படலத்தை இவ்வழியில் ஆக்கிய பின்னரே இம்முறை உலகெங்கும் பரவிற்று. இதனைக் கேட்ட தந்தையார், "இருபது ஆண்டு பொறுத்தார்களா!" என்றார். அன்று தந்தையும் மகனும் நெடுநேரம் உரையாடினர். எம் உதவி அவர்கட்குப் பின்னர் வேண்டப்படவில்லை.

அன்பர்காள்! வில்லை, துடிப்பு, கொழுந்து, படலம் என்னும் இவை யாம் படைத்த சொற்களல்ல. தொழிலாளர் நாவிலும் இல்லத்தார் நாவிலும் என்றும் வழங்குவனவே. பூச்சுப் பற்றி நிற்றலைக் குறிக்க யாம் நெடிய தொடரொன்றைத் தேடிக்கொண்டிருக்க, 'பிடிப்பு' என்னும் சொல் அப்பட்டறையில் ஆயத்தமாக இருந்தது. கலைச்சொல் ஆக்குவோர் நிகண்டுகளைப் புரட்டுதலோடு, கொல்லர், தச்சர், ஈயம் பூசுவோர் ஆகியோர் பட்டறைக்கும் சென்று செவி சாய்ப்பாராக. விஞ்ஞானம் பயிலும் நண்பர்களும், தாம் ஆய்வன யாவையென ஒருமுறையேனும் தம் இல்லத்தார்க்குத் தமிழிற் கூறிப் பார்ப்பாராக. அவ்வினாக்களால் அவர்தம் அறிவும் தெளிவுறும் என்பது எம் துணிபு.