தண்ணீர் நின்ற உயரம்

2024 ஜனவரி 7
மர அலமாரியின் கீழ்க்கதவு இன்னும் மூட மறுக்கிறது, ஊறிப் பருத்துவிட்டது. டிசம்பர் 4 அன்று, வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வாடகை வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அம்மாவைச் சமையல் மேடைமேல் உட்கார வைத்திருந்தோம். பிறகு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து கூட்டிப்போனார். இனி சொந்த வீடுதான், அதுவும் மேட்டில்.

ஜனவரி 9
எது மேடு? யாரைக் கேட்டாலும் அவரவர் தெருவைச் சொல்கிறார்கள்.

ஜனவரி 21
முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு. மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம் எல்லாம் சுத்தம். "தண்ணி 2015ல வந்ததோட சரி மேடம்" என்றார் தரகர். புதுப் பெயின்ட் வாசனை. கூடத்தில் பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. குனிந்து பார்த்தேன். கீழே பழைய குழிகளை சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். விரலால் தடவினால் வட்டம் வட்டமாகத் தட்டுப்பட்டது.

தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மாவிடம் கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் தன் தொடையில் வைத்துக் காட்டினார். "போன மாசம் இவ்ளோ. 2015ல மொட்டை மாடிக்கே போயிட்டோம்." நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னதும், "வேளச்சேரியிலேருந்து இங்கயா வர்றீங்க?" என்றார்.

வில்லங்கச் சான்றில் தண்ணீருக்கு இடமில்லை. எனக்குக் கோபம் ஆறவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போடுகிறவருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம் ஒரு இஸ்திரி வண்டியில்தான் கிடைக்கிறது.

பிப்ரவரி 2
ராத்திரி பக்கத்து வீட்டு டேங்க் வழிந்த சத்தம். அம்மா, நான், என் கணவர் மூன்று பேரும் எழுந்துவிட்டோம்.

பிப்ரவரி 11
திருநீர்மலையில் ஒரு ஃபிளாட். முதலில் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்றாள் அம்மா. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, "அப்ப தண்ணி எதுவரைக்கும் நின்னிருக்கும்?" என்று கீழே பார்த்தாள். நாங்கள் பார்க்க வந்த கட்டடம் எங்கே இருக்கிறதென்று நானும் தேடினேன்.

பிப்ரவரி 25
"நீ மேடு தேடு. எனக்கு மாடி வீட்டு அக்கா இருக்கிற இடம் போதும்" என்கிறாள் அம்மா. எங்கள் தெரு பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்துச் சரிகிறது என்று விளக்கினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 3
இரண்டு தெரு தள்ளி, இரண்டாம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, இவருக்கும்தான்.

இறங்கும்போது தரைத்தளத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண். "அக்கா, இங்க தண்ணி வருமா? ஹவுஸ் ஓனர் வராதுன்னு சொன்னார்" என்றாள். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

முன்பணம் கொடுக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறோம்.