கொல்லையில் ஓர் அல்லிக்குளம்

கோட்டாற்றிலிருந்து எத்திசை சென்றாலும் ஒரு குளமோ கால்வாயோ எதிர்ப்படும். நாஞ்சில் நாட்டாருக்கு நீரிடம் அச்சமில்லை. மகள் தவழத் தொடங்கியதும் கொல்லையிலுள்ள அல்லிக்குளத்தின்மேல் இரும்புக் கம்பிவலை பொருத்தினேன். "முட்டளவு தண்ணிதானே, அல்லாஹ் காப்பாத்துவான்" என்றார் உம்மா.

சிறு பிள்ளைக்கு அரையடி நீரே போதும். தலை கனம், கவிழ்ந்தால் நிமிர இயலாது, கூக்குரலும் எழாது. 2021இல் உலகெங்கும் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுள் கிட்டத்தட்ட கால்பங்கினர் 5 வயது நிறையாதோர்.

வலை நீர்மட்டத்திற்கு மேலே, பிள்ளையின் எடைக்குத் தொய்யாமல் நிற்கவேண்டும். சுற்றிலும் 4 அடி வேலி, தானே சாத்திக்கொள்ளும் கதவு, எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். காவலும் தவக்குலில் சேர்ந்ததே என்றேன். உம்மா பதில் பேசவில்லை. மறுநாள் குளியலறை வாளிகள் கவிழ்ந்திருந்தன.