சின்னப்புவைத் தேடிய ஆண்டுகள்



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்தபின், உறுதிபூசுதல் வகுப்பு மாணவி ஒருத்தி ஆலய வாசலில் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். அவளுடைய வம்சவரிசை. பாதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. "ஒருவரும் ஒன்றும் சொல்கிறார்களில்லை, ஃபாதர். இதை விட்டுவிடப் போகிறேன்" என்றாள். அவளுடைய வயதில் நானும் அதே இடத்தில் நின்றவன்.

1992ஆம் ஆண்டு. எனக்கு வயது 15. ஜெர்மனியப் பாடசாலைத் தோழர்கள் தங்கள் குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டே பல தலைமுறைகள் பின்னோக்கிப் போனார்கள். நமக்கோ தந்தையின் பெயரே முதலெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். என் தேடல் பூட்டனார் சின்னப்புவோடு அறுந்து நின்றது. அப்பாவிடம் கேட்டால், "படிக்கிற வேலையைப் பார்" என்பதே மறுமொழி.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய பங்கின் குருவுக்கு எழுதினேன். போர்க்காலம். ஏழு மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: 1890ஐ ஒட்டிய திருமுழுக்குப் பதிவுகளில் சின்னப்பு என்று எவரும் இல்லை. அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டு ஓராண்டு அதைத் திறவாதிருந்தேன்.

இங்கே நான் பீடப்பணி செய்த ஆலயத்தின் முதிய குருவானவர் ஒருநாள் தம் பங்கின் பழைய ஏட்டைக் காட்டினார். எல்லாம் இலத்தீன். யோசேபுஸ், பவுலுஸ், பெத்ருஸ். அப்போதுதான் உறைத்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையினரின் வழிவந்த குருக்களும் நம் ஊர்ப் பெயர்களை இலத்தீனில்தானே எழுதியிருப்பர்! நம்மவர்க்குச் சின்னப்பர், அவர்களுக்குப் பவுலுஸ். நம் இராயப்பர், பெத்ருஸ்.

இம்முறை தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன். முதலில் அப்பப்பாவின் திருமுழுக்குப் பதிவு: தந்தை பெயர் பவுலுஸ். அதைக்கொண்டு அந்தப் பவுலுஸின் திருமணப் பதிவு. அதன்பின்னரே அவருடைய திருமுழுக்குப் பதிவு கிடைத்தது. ஆண்டு 1912, வயது 22, திருமணத்துக்கு முந்தின நாள். பெற்றோர் நிரலில் இரண்டு சைவப் பெயர்கள். பிறந்த ஆண்டைச் சுற்றித் தேடியது முழுவதும் வீண். பங்குக் குருமீது நான் வளர்த்த கோபமும் வீண்தான்.

இரவுணவின்போது அந்தப் பிரதியை அப்பாவின் முன் வைத்தேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: அவர் திருமுழுக்குப் பெற்ற நாளிலேயே வீட்டார் அவரைத் தலைமுழுகிவிட்டனராம். அடுத்த குறிச்சியில் இருந்த அந்த உறவினரைக் கண்டும் காணாமல் போகவே தாம் பழக்கப்பட்டதாகச் சொன்னார். "எண்பத்தொன்றில் அவர்கள் வீட்டில் ஒரு செத்தவீடு. தெருமுனைவரை போனேன். உள்ளே போகவில்லை." அப்பா அழுததை அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

பெரியவர்களே, உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லும் "எல்லாம் மறந்துபோச்சு" என்ற சொல்லை நான் அத்தனை எளிதில் நம்புவதில்லை, பொறுத்தருள்க.

அந்த மாணவியிடம், அம்மம்மாவின் திருமுழுக்குப் பதிவின் முழுப் பிரதியை வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். ஓரத்தில் திருமணம் நடந்த ஆலயத்தின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமி, சித்தப்பா முறையினராகவே இருப்பர்; வெறுங்கட்டங்களுள் சில அங்கேயே நிரம்பக்கூடும். கடிதத்தை இருவருமாக எழுதி முடித்தோம். நேற்று அஞ்சலில் சேர்த்தாள்.