தக்கை மரம்

திகாம் பத்து தோட்டத்தில் பால்மரம் சீவிய அப்பாவுக்கு வேலையில்லாத நாள் என்றால் தூண்டில்தான். சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து, சுங்கை பட்டாணியைத் தாண்டி செமெலிங் பக்கம், மெர்போக் ஆறு அகன்று விரியும் இடத்துக்கு மிதித்துக்கொண்டு போவார். கரைச் சேற்றில் ஈட்டிகளை நட்டுவைத்ததுபோல் வேர்கள் மேல்நோக்கி நிற்கும். "வேருக்குக் காலக் குடுத்துடாத" என்பார். அதில் ஒன்றை வெட்டி, மேல்தோலைச் சீவி, தூண்டில் நூலில் கோத்துக்கொள்வார். நெட்டிபோல லேசான வேர். தண்ணீரில் மிதந்து ஆடும். மலாய்க்காரர்கள் அந்த மரத்தைப் பெரெம்பாங் என்பார்கள். எங்கள் வீட்டில் அது தக்கை மரம்.

தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தே என் வேலைக்காலம் போயிற்று. ஓய்வுபெற்ற பிறகுதான் அந்த மரத்தை ஒருமுறையாவது ஒழுங்காக வரைய வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. படத்தின் கீழே எழுத அறிவியல் பெயரைத் தேடினேன். சொன்னரேஷியா என்று வந்தது. அது ஓர் ஆளின் பெயர். பியர் சொன்னரா, பிரெஞ்சுக்காரர். என்னைப்போல் பென்சிலோடு அலைந்தவர்.

1748இல் லியோன் நகரில் பிறந்தவர். இருபது வயதில் மொரீசியசுக்குக் கப்பலேறினார். அந்தத் தீவில் அப்போதே பாண்டிச்சேரியிலிருந்து போன தமிழ்க் கைவினைஞர்கள் இருந்தார்கள். தீவின் நிர்வாகி பியர் புவாவ்ர் இவருக்கு உறவு. கிராம்பும் சாதிக்காயும் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்த காலம் அது. மொலுக்காஸ் தீவுகளிலிருந்து அவற்றின் கன்றுகளைக் கடத்திவந்து தன் தீவில் நட்டுவிட வேண்டும் என்பதே புவாவ்ரின் கனவு. இளைஞர் சொன்னராவுக்குச் செடியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் கொமர்சோன். பூகன்வில்லின் கப்பலில் உலகம் சுற்ற வந்து மொரீசியசில் தங்கிவிட்ட தாவரவியலாளர். இதழை எண்ணு, மகரந்தத்தாளை எண்ணு, சூலகத்தைப் பிளந்து பார், பிறகு வரை. தாவர ஓவியத்தில் குருமார் சொல்லித் தருவது எங்கும் எப்போதும் இதுதான்.

1771இல் கன்று தேடிப் போன கப்பலில் சொன்னராவும் போனார். பிலிப்பைன்சைத் தொட்டு, நியூகினிக்கு மேற்கே உள்ள கெபே தீவுவரை அந்தப் பயணம் சென்றது. அதைப் பற்றி 120 படங்களோடு அவர் 1776இல் வெளியிட்ட புத்தகத்துக்கு 'நியூகினிப் பயணம்' என்று பெயர் வைத்தார். நியூகினி மண்ணை அவர் மிதிக்கவே இல்லை. பரவாயில்லை, தலைப்புதானே என்று விட்டுவிடலாம். ஆனால் படங்களுக்குள் பென்குயின்கள் இருக்கின்றன. தென்கடல் குளிரில் வாழும் பறவையை, கொதிக்கும் நியூகினியின் பறவை என்று வரைந்துவைத்தார். ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியையும் அதே ஊர்க்கணக்கில் சேர்த்தார். யாரோ கொடுத்த பாடம்செய்த உடல்களைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அந்தத் தவறு இன்றும் அழியவில்லை. ஒரு பென்குயின் இனத்தின் அறிவியல் பெயரில் 'பாப்புவா' இருக்கிறது. அந்த மீன்கொத்தியின் பெயரில் 'நோவேகினியே' இருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்கு மனசு சரியில்லை. கைத்திறன் உள்ளவன் பொய் வரைந்தால் அதை எல்லாரும் நம்பிவிடுகிறார்களே!

என் மகள் லேப்டாப்பில் அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்து தந்தாள். பென்குயினைத் தள்ளிக்கொண்டு போனேன். தக்கை மரம் வந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தத் தடித்த இலை, அந்தப் பூ, புல்லிவட்டம் நட்சத்திரமாக விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தட்டைக்காய். மெர்போக் கரையில் நின்று வரைந்ததோ என்று தோன்றியது. இந்த மரத்துக்கு முன்னால் இந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். சேற்றில் கால் புதைய நின்றிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்துக்கு அவர் தன் பெயரையோ எஜமானர் பெயரையோ வைக்கவில்லை. 'பகாபாத்' என்று எழுதியிருக்கிறார். பிலிப்பைன்சு மக்கள் அந்த இன மரத்தை இன்றும் பகட்பட் என்கிறார்கள். கேட்ட பெயரைக் கேட்டபடி எழுதியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, பெரிய லின்னேயஸின் மகன் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, வரைந்தவரின் பெயரை அந்த இடத்தில் வைத்தார். மரியாதைக்காகச் செய்ததுதான். எனக்கென்னவோ பழைய பெயரே இருந்திருக்கலாம்.

அப்பா தினமும் சீவிய மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. ரப்பர் மரத்தின் 'ஹெவியா' என்ற பெயர் தென்னமெரிக்கப் பழங்குடிகளின் வாய்ச்சொல்லிலிருந்து வந்தது. 1775இல் அதை ஏட்டில் ஏற்றியவர் ஒப்லே என்ற இன்னொரு பிரெஞ்சுத் தாவரவியலாளர். அவரும் மொரீசியசில் வேலை பார்த்தவர், புவாவ்ரோடு தீராத பகை கொண்டவர். அப்பா காலையில் தொட்ட மரமும் ஓய்வில் தொட்ட மரமும் ஒரே தீவின் இரண்டு ஆட்கள் வழியாகப் பெயர் பெற்றவை என்று அவரிடம் சொல்ல ஆசை. அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது.

சொன்னரா அடுத்து வந்தது நம் பக்கம். 1774 முதல் 1781 வரையிலான இரண்டாவது பயணம் அவரை இந்தியா, இலங்கை, சீனா என்று சுற்றவைத்தது. பாண்டிச்சேரியில் இருந்தபோது அவர் வரைந்தவை செடிகொடிகள் மட்டுமல்ல. நெசவாளர், தச்சர், கொல்லர் எல்லாரையும் அவரவர் கருவிகளோடு வரைந்தார். 1782இல் பாரிசில் வெளியான அந்தப் பெரிய நூலில் பிள்ளையாரைப் பிள்ளையார் என்றே, பிரெஞ்சு எழுத்தில் முடிந்த அளவு நம் ஒலியில், எழுதினார். மன்மதனும் அப்படியே. தெருவில் காது கொடுத்துக் கேட்காமல் இது வராது. நம் சந்தையில் விற்கும் லைச்சிப் பழத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் அவர்தான். தென்னிந்தியக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள்.

1793இல் பாண்டிச்சேரி மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அவர் கைதியானார். 1813இல்தான் விடுபட்டு ஐரோப்பா திரும்ப முடிந்தது. மறு வருஷம் மார்ச் மாதம் பாரிசில் இறந்தார். ஊர் ஊராக அலைந்த கால்களுக்கு இருபது வருஷம் ஒரே இடம். அந்த வருஷங்களை நினைத்தால் அவருடைய பென்குயின்களைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது.

போன மாதம் செமெலிங் போனேன். பெரெம்பாங் பூ பொழுது சாயும்போது விரிந்து ஓர் இரவுதான் நிற்கும். படகு ஓட்டிய பாக் சிக் அதைச் சொல்லி, ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருந்தார். துரியான் பூவுக்கு வருகிற அதே தேன் வௌவால்கள்தான் இதற்கும் வரும். படகைக் கிளையடியில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். கொசு பிய்த்தது. இருட்டுகிற நேரத்தில் ஒரு மொட்டின் நுனி பிளந்து மகரந்தத்தாள்கள் கற்றையாக வெளியே விரிந்தன, அடியில் சிவந்து, முகம் பூசும் தூரிகைபோல. டார்ச் வெளிச்சத்தில் இலையை முடித்தேன், புல்லிவட்டத்தின் ஆறு மடல்களை முடித்தேன், தாள்களைப் பாதிவரை கொண்டுவந்தேன். அவற்றுக்கிடையே மறைந்திருந்த மெல்லிய இதழ்களை எண்ணுவதற்குள் நீர் வற்றத் தொடங்கி, படகைத் திருப்ப வேண்டியதாயிற்று.

காலையில் மறுபடி போனோம். தாள்கள் உதிர்ந்து, மஞ்சள் கலந்த பழுப்புத் தண்ணீரில் இழை இழையாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. பாக் சிக் ஒரு வேரை வெட்டிக் கையில் கொடுத்தார். அதே லேசு.

படம் மேசைமேல் இருக்கிறது. கீழே பெரெம்பாங் என்று எழுதி, அதன் அடியில் தக்கை மரம் என்று எழுதினேன். அறிவியல் பெயர் மூன்றாவதாக. இதழ்கள் வரவேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து நிரப்பட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தக் கிளையில் இன்னும் நாலு மொட்டு இருக்கிறது.