இடுப்புக்குக் கீழே இரண்டு புள்ளி

மார்ச் 19, 2025

பிரிட்டனின் பணி, ஓய்வூதியத் துறை அமைச்சர் லிஸ் கெண்டல் நேற்று வெளியிட்ட அறிக்கையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் 500 கோடி பவுண்டு என்ற தொகையைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறார்கள். பத்தாண்டின் முடிவுக்குள் ஆண்டுக்கு அவ்வளவு மிச்சமாகுமாம். தொகையை ஒதுக்கிவிட்டு விதியைப் படித்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது. வேலை செய்யும் வயதிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு 2013 முதல் அங்கே தரப்படுவது பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட், சுருக்கமாக பிப். வருமானம் பார்த்துத் தரும் உதவி அல்ல அது. வேலையில் இருப்பவரும் வாங்கலாம். உடல் குறையாலோ மனநோயாலோ அன்றாடம் கூடுதலாக ஆகிற செலவை ஈடுகட்டுவதற்கென்று வந்தது. சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, கழிப்பறை போவது, உடுத்துவது, பேசுவது, படிப்பது, பிறரோடு பழகுவது என்று பத்துச் செயல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உள்ள சிரமத்துக்கு ஏற்பப் புள்ளி போடுவார்கள். எட்டுப் புள்ளி சேர்ந்தால் வரும் ஏப்ரல் முதல் வாரம் 73.90 பவுண்டு, பன்னிரண்டு சேர்ந்தால் 110.40. நடமாட்டத்துக்குத் தனிக் கணக்கு. அதில் இப்போது கைவைக்கவில்லை. புதிய யோசனைப்படி 2026 நவம்பருக்குப் பிறகு எட்டு சேர்ந்தால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு செயலிலேனும் நான்கு புள்ளி இருந்தாக வேண்டும்.

புள்ளிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும். தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உடலைக் கழுவ இன்னொருவர் உதவி தேவை என்றால் நான்கு புள்ளி. இடுப்புக்குக் கீழே கழுவ உதவி தேவை என்றால் இரண்டு. சட்டை போட உதவி நான்கு. கால்சட்டை போட உதவி இரண்டு. ஆக, இடுப்புக்குக் கீழே தானாகக் குளிக்க முடியாமல், தானாகக் கால்சட்டை மாட்ட முடியாமல், பிடிமானக் கம்பி இல்லாமல் கழிப்பறையில் உட்கார முடியாமல், துணைக்கருவி இல்லாமல் சமைக்கவும் முடியாத ஒருவர் இன்று எட்டுப் புள்ளியோடு தகுதி பெறுகிறார். நாளைய விதியில் இதே மனிதருக்கு எதுவும் கிடையாது. அரசின் விளக்கமோ, உதவி அதிகம் தேவைப்படுவோருக்கே அது போய்ச் சேர வேண்டும் என்பது. நாலு இடத்தில் இரண்டிரண்டாகத் தடுமாறுகிறவர் ஒரே இடத்தில் நான்காகத் தடுமாறி மற்ற இடங்களில் ஓரளவு சமாளிப்பவரைவிடக் குறைவாகத் துன்பப்படுகிறார் என்று எந்த மருத்துவர் சொன்னார்? அறிக்கையில் அதற்கு விடை இல்லை.

மார்ச் 27

விடை நேற்று வேறு இடத்திலிருந்து வந்தது. நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தனக்குத் தானே போட்டுக்கொண்ட நிதி விதிகளின்படி கடந்த அக்டோபரில் 990 கோடி பவுண்டு உபரி வைத்திருந்தார். வட்டிச் செலவு கூடியதில் அது கரைந்து, 410 கோடி பற்றாக்குறையாகிவிட்டது. அவரது நேற்றைய நிதி அறிக்கையில் அந்த உபரி மீண்டும் அதே 990 கோடி. இதற்கிடையில், கெண்டலின் திட்டம் எதிர்பார்த்த அளவு மிச்சம் தராது என்று சுயேச்சையான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் கணித்ததும், வருமானம் குறைந்தோருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவியில் நோயாளிகளுக்குச் சேரும் கூடுதல் தொகையில் இன்னொரு வெட்டு விழுந்தது. புதிதாக வருவோருக்கு வாரம் 97 பவுண்டை ஏறக்குறைய 50 ஆக்குவது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது அந்த ஐம்பதையும் பத்தாண்டின் முடிவு வரை ஏற்றாமல் உறையவைப்பதாகச் சொல்கிறார்கள். எட்டு நாளில் நோயாளிகளின் தேவையில் எதுவும் மாறிவிடவில்லை. மாறியது கூட்டல் கணக்கு மட்டும்தான். நான்கு புள்ளி எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. வேண்டிய தொகையை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்துகிற விதியைப் பிறகு தேடியிருக்கிறார்கள்.

அரசே நேற்று வெளியிட்ட தாக்க மதிப்பீடும் அப்படியொன்றும் மென்மையானதல்ல. இப்போது வாங்குவோரில் 3.7 லட்சம் பேர் பிப் தொகையை இழப்பார்கள். வருங்காலத்தில் கிடைத்திருக்க வேண்டிய 4.3 லட்சம் பேருக்குக் கிடைக்காது. ஒருவருக்குச் சராசரி இழப்பு ஆண்டுக்கு 4,500 பவுண்டு. குழந்தைகள் 50 ஆயிரம் உட்பட 2.5 லட்சம் பேர் ஒப்பீட்டு வறுமைக்குள் விழுவார்கள். ஒருவரின் பிப் போனால் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கிடைக்கும் பராமரிப்பாளர் படியும் கூடவே போகும். அப்படி இழப்போர் சுமார் 1.5 லட்சம். வேலைவாய்ப்பு உதவியால் இதில் எவ்வளவு ஈடாகும் என்ற கேள்விக்கு, கணிக்கப் போதுமான விவரம் தரப்படவில்லை என்று பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் கைவிரித்துவிட்டது. இழப்பைக் கணக்கிட்டாயிற்று, ஈடு பற்றி நம்பிக்கை மட்டும் இருக்கிறது.

மே 22

வெட்டை ஆதரிப்பவர்கள் இரண்டு மாதமாக ஒரே சித்திரத்தைத்தான் காட்டிவருகிறார்கள்: பதற்றநோய் என்று சொல்லிக்கொண்டு படுக்கையறையிலிருந்தே உதவித்தொகை வாங்கும் இருபது வயது இளைஞர். பெருந்தொற்றுக்குப் பிறகு பிப் விண்ணப்பங்கள் ஏறியதும், அதில் இளைஞர்களின் மனநலப் பிரச்சினைக்குப் பெரும் பங்கு இருப்பதும் உண்மை, மறுப்பதில் பயனில்லை. ஆனால் நான்கு புள்ளி விதி அந்த இளைஞரைக் குறிவைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்றாட வாழ்க்கைக்கான தொகை வாங்குவோரில் சுமார் 13 லட்சம் பேர், ஏறக்குறைய பாதிப் பேர், எந்தச் செயலிலும் நான்கு புள்ளி பெறாதவர்கள். அரசே தந்த விவரத்தின்படி முதுகுவலிக்காரர்களில் இவர்கள் 79 சதவீதம், மூட்டுவாதக்காரர்களில் 77 சதவீதம். பதற்றநோயும் மனச்சோர்வும் உள்ளவர்களிலோ 48 சதவீதம்தான். பேச்செல்லாம் இளைஞரைப் பற்றி. விதி விழுவது தேய்ந்த முதுகோடு ஐம்பதைத் தாண்டியவர்கள் மேல். அவர்களில் பலர் முன்பெல்லாம் அரசு ஓய்வூதியத்துக்குப் போயிருப்பார்கள். பெண்களுக்கு 60 ஆக இருந்த ஓய்வூதிய வயது 2020க்குள் 66 ஆகிவிட்டதால் இன்னமும் வேலை வயதுக் கணக்கிலேயே நிற்கிறார்கள். செலவு ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை.

ஏமாற்று என்ற குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. அரசின் சொந்தக் கணிப்பிலேயே பிப்பில் மோசடி ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. மறுபுறம், மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம் வரை போகிறவர்களில் மூன்றில் இருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வருகிறது. தவறு எந்தப் பக்கம் கனக்கிறது என்று இந்த இரண்டு விவரங்களே சொல்லும். பரிசோதகர் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து, கழிப்பறையில் எப்படித் துடைத்துக்கொள்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஓர் ஏற்பாட்டில் சோம்பேறிகள் குவிகிறார்கள் என்பதை நம்புவது கடினம்.

ஜூன் 20

இந்த வெட்டுகளுக்கான மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. அதில் நான்கு புள்ளி ஐந்தாம் பிரிவாக இருக்கிறது. ஆளும் லேபர் கட்சியின் கொறடாக்களில் ஒருவரான விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் இதை எதிர்த்து நேற்று பதவி விலகினார். வேடிக்கை என்னவென்றால் மார்ச் அறிக்கை மீதான கருத்துக்கேட்பு இன்னும் நடக்கிறது. முடிவது ஜூன் 30. கருத்துக்கேட்பிலும் நான்கு புள்ளி விதி இல்லை. அது முடிவாகிவிட்ட விஷயமாம். கேட்பது மற்றவற்றைப் பற்றி மட்டும். பார்வையற்றோருக்கும் எளிய மொழியில் படிக்க வேண்டியவர்களுக்குமான வடிவங்கள் தயாராக இல்லாததால் கருத்துக்கேட்பின் காலமே ஏப்ரலில்தான் தொடங்கியது.

பாதிக்கப்படுகிறவர்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வரி போட்டால் வரி கட்டுகிறவர் எதிர்ப்பார். அதனால் வரி தவறாகிவிடாது. ஆனால் இங்கே எதிர்ப்பு வெறும் முனகலாக வரவில்லை. இடுப்புக்கு மேல் நான்கு, கீழே இரண்டு என்ற விநோதத்தை முதலில் எடுத்துக்காட்டியவர்கள் அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள்தான். பிப் கிடைப்பதால்தான் வேலைக்குப் போக முடிகிறது, டாக்சிக்கும் உதவியாளுக்கும் அதிலிருந்துதான் கொடுக்கிறோம், அதை வெட்டினால் வேலையும் போகும் என்று சொன்னவர்களும் அவர்களே. பிப் வாங்குவோரில் சுமார் ஆறில் ஒருவர் வேலையில் இருக்கிறார். இவர்களது தொகையைப் பறிப்பது வேலைக்கு ஊக்கம் தரும் என்ற வாதத்துக்கு இதுவரை யாரும் விளக்கம் தரவில்லை. துறைக்குள் செய்யப்பட வேண்டிய சோதனையைத் துறை செய்யாமல் விட்டதால் வெளியே இருந்தவர்கள் செய்தார்கள். எதிர்ப்பின் மதிப்பு அதன் சத்தத்தில் இல்லை, இந்தச் சோதனையில் இருக்கிறது.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2016 மார்ச் பட்ஜெட்டில் அன்றைய கன்சர்வேடிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், உடுத்தவும் கழிப்பறைக்கும் துணைக்கருவி பயன்படுத்துவோருக்கான புள்ளிகளைப் பாதியாக்கப் பார்த்தார். இரண்டே நாளில் துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் பதவி விலகினார். அடுத்த திங்கட்கிழமை திட்டம் கைவிடப்பட்டது. அதுவும் ஆண்டுக்கு 130 கோடி என்ற தொகையிலிருந்து பின்னோக்கி வரையப்பட்ட விதிதான். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு வேறு கட்சி, அதே பட்டியல், அதே கத்தரிக்கோல்.

ஜூன் 28

மசோதாவுக்கு எதிராக லேபர் எம்.பி. மெக் ஹில்லியர் கொண்டுவந்த திருத்தத்தில் அக்கட்சியின் 120க்கு மேற்பட்ட எம்.பி.க்கள் கையெழுத்திட்டதும் அரசு இறங்கிவந்தது. இப்போது வாங்குகிறவர்களுக்குப் பழைய விதி தொடரும். 2026 நவம்பருக்குப் பிறகு வருகிறவர்களுக்குப் புதிய விதி. சமரசம் என்கிறார்கள். எனக்கு இதில்தான் விதியின் பொய் முழுதாக வெளிப்படுகிறது. நான்கு புள்ளி இல்லாதவருக்கு உதவி தேவையில்லை என்பது உண்மையானால் இன்றைய பயனாளிக்கும் தேவையில்லை. தேவை என்றால் நாளை வருபவருக்கும் தேவை.

ஜூலை 3

செவ்வாயன்று வாக்கெடுப்புக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்பு, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து ஐந்தாம் பிரிவையே நீக்குவதாக அறிவித்தார். பிப் விதிகளை அவரே தலைமையேற்று, மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து ஆராய்ந்த பிறகுதான் மாற்றமாம். அது 2026 இலையுதிர்காலத்தில் முடியும். மிச்சமிருந்த மசோதா 335க்கு 260 என்று தேறியது. அப்போதும் 49 லேபர் எம்.பி.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். நேற்று அவையில் ரீவ்ஸ் கண்கலங்கியதும் அரசுக் கடன்பத்திரங்களின் வட்டி விகிதம் ஏறியது. சந்தையின் எதிர்வினைக்கு யாரும் கருத்துக்கேட்பு நடத்துவதில்லை. அது சுயநலம் என்று யாரும் ஒதுக்குவதுமில்லை.

ஆனால் பணக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நோய், ஊனம் சார்ந்த உதவிச் செலவு பத்தாண்டின் முடிவில் ஆண்டுக்கு 7,000 கோடி பவுண்டைத் தொடும் என்கிறது அரசு. சலுகைகளுக்குப் பிறகு 2029-30ல் இந்த மசோதாவால் நிகர மிச்சமே இராது என்கிறார்கள் பொருளாதார ஆய்வாளர்கள். அப்படியானால் எங்கிருந்து எடுப்பது? செலவு ஏன் ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. தேசிய சுகாதாரச் சேவையின் காத்திருப்புப் பட்டியலில் 70 லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள் நிற்கின்றன. யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை வாரம் 90 பவுண்டு சொச்சம்தான். நோயாளி என்று சான்று கிடைத்தால் அது இரட்டிப்பாகிறது. இந்த ஏற்றத்தாழ்வு நோயை நோக்கித் தள்ளுகிறது என்று கெண்டல் சொன்னதில் உண்மை இருக்கிறது. அடிப்படைத் தொகையைச் சற்றே உயர்த்தியதும் சரி. அதற்காக நோயாளியின் பங்கைப் பாதியாக்குவது எப்படிச் சரியாகும்? வெட்டினால் செலவு குறையும் என்பதே ஐயத்துக்குரியது. 2013ல் பிப் வந்தபோது பழைய உதவியைவிட 20 சதவீதம் மிச்சமாகும் என்றார்கள். மிச்சமாகவில்லை. தேவை இருக்கும் இடத்தில் விண்ணப்பம் வேறு வழியில் திரும்பி வருகிறது.

செப்டம்பர் 5

நேற்று முன்தினம் யுனிவர்சல் கிரெடிட் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. பிப் தப்பியது என்று எதிர்ப்பாளர்கள் மகிழ்வதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டத்தில் நின்றுவிட்டதையும் பார்க்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிதாக நோய்வாய்ப்பட்டு வருகிறவர்களுக்கு, ஆயுள் முழுவதும் நீடிக்கும் கடும் நோய் உள்ளவர்களும் மரணத் தறுவாயில் உள்ளவர்களும் நீங்கலாக, கூடுதல் தொகை வாரம் சுமார் 50 பவுண்டு, உறைந்த நிலையில். நான்கு புள்ளிக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எதிராகத் திரளவில்லை என்பது என் கணிப்பு. காரணம் எளிது. பிப்பை இழக்க இருந்தவர்களிடம் உதவித்தொகை ஒப்புதல் கடிதம் கையில் இருந்தது. தங்கள் புள்ளிகளை எண்ணிப் பார்த்து, தொகுதி எம்.பி.க்கு எழுத முடிந்தது. அடுத்த ஆண்டு பக்கவாதம் வரப்போகிற லாரி ஓட்டுநருக்கு இன்று எந்தக் கடிதமும் இல்லை. தான் இந்தச் சட்டத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. எதிர்ப்பு என்பது சோதனை என்று ஜூனில் எழுதினேன். சோதிக்க ஆள் இருந்த இடத்தில் மட்டும்தான் அது நடந்திருக்கிறது. டிம்ஸ் ஆய்வுக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் அமர்வார்கள். பிப்பை அவர்கள் வரி வரியாகப் பார்ப்பார்கள். வாரம் 50 பவுண்டு அந்தக் குழுவின் வேலையில் சேரவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில் விண்ணப்பிப்பவருக்கும் ஏப்ரல் நடுவில் விண்ணப்பிப்பவருக்கும், ஒரே நோய், ஒரே மருத்துவர், ஒரே தெரு என்றிருந்தாலும், வாரம் நாற்பத்தைந்து பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கப்போகிறது.