விரிசலின் வயது

எரிந்துகொண்டிருக்கும் அரிக்கேன் விளக்கின் சிம்னியில் மழைத்துளி ஒன்று தெறித்தால் அது படாரென வெடிப்பதை, மின்விளக்குக்கு முன் வாழ்ந்தோர் நன்கறிவர். நீர்த்துளியே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

கண்ணாடி வெப்பத்தை விரைந்து கடத்தாத பொருள். குளிர்நீர் பட்டதும் மேற்பரப்பு சுருங்க முயலுகிறது. உள்ளே சூடாயிருக்கும் பகுதியோ அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆகவே மேற்பரப்பு இழுபடுகிறது. அமுக்கத்தைப் பெரிதும் தாங்கும் கண்ணாடி இழுப்பைத் தாங்காது. ஏற்கெனவே கீறல் விழுந்ததோ சிறிதும் தாங்காது. இங்கிலாந்தின் பார்ன்பரோவில் பணியாற்றிய கிரிஃபித் என்னும் பொறியியலறிஞர், கண்ணுக்குப் புலப்படாத கீறல்களின் முனையில் இழுவிசை குவிவதே கண்ணாடியின் நலிவுக்குக் காரணம் என்று 1921-இல் வெளியான கட்டுரையில் காட்டினார்.

1993-இல் யூசே, சானோ என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர், ஓரத்தில் சிறு வெட்டு இட்ட மெல்லிய கண்ணாடித் தகட்டைச் சூட்டடுப்பிலிருந்து குளிர்நீருக்குள் சீராக இறக்கிய சோதனையை வெளியிட்டனர். மெதுவாக இறக்கியபோது விரிசல் நேர்கோடாகச் சென்றது; வேகத்தைக் கூட்டியபோது பாம்புபோல் நெளிந்தது; மேலும் கூட்டியபோது கிளைவிட்டது. எதிலும் மறையுரைக்கு உவமை தேடும் பழக்கம் எம்போன்றோரை எளிதில் விடாது. ஆயினும் இங்கே கண்ணாடியைக் கண்ணாடியாகவே பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்குமுன் நான் பணியாற்றிய பங்கொன்றில், அணையாவிளக்கின் சிவப்புக் கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. எண்ணெய் வார்த்த முதிய கோவிற்பிள்ளை ஈரக்கையால் தொட்டாராம். விலையை அவருடைய ஊதியத்தில் பிடிக்கவேண்டும் என்று பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து சொன்னார், பலர் தலையசைத்தனர். பெரியவர் வாய்திறக்கவில்லை.

துண்டுகளை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். உடைந்த விளிம்பு முழுதும் பளபளத்தது. மேல்வாயருகே விரற்கடை நீளத்துக்கு மட்டும் கறுத்திருந்தது. புகைக்கரி. அன்று உடைந்த விளிம்பில் கரி எப்படிப் படியும்? நாள்தோறும் விளக்குப்புகை குடித்து வந்த பழைய விரிசல் அது. பேரவையினர் ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்தனர். ஊதியம் குறைக்கப்படவில்லை.

“பெரியவரே, வாய்திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“ஈரக்கைதான் காரணமென்று நானுமே நம்பினேன், சாமி” என்றார்.

புதுக் கண்ணாடி வந்தபோது, விளக்கில் பொருத்துமுன் அதைச் சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.