அரை டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நெருப்பு... ஓடுது ரயில்! பர்மிங்ஹாமின் பொம்மை இன்ஜின் கதை

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 'திங்க்டேங்க்' என்றோர் அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகிறவர்களை முதலில் இழுப்பது 'ஸ்மெத்விக் இன்ஜின்'தான். மாடி உயரத்துக்கு நிற்கும் இந்த ராட்சத இயந்திரம், 1779-ல் போல்டன் - வாட் நிறுவனம் செய்தது. கால்வாயில் படகுகள் மேலே ஏறி இறங்கும்போது கீழே போய்விடும் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவதுதான் இதன் வேலை. 1891 வரை, நூறு வருடங்களுக்கும் மேலாக உழைத்தது. இன்றும் இயங்கும் நிலையில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி இன்ஜின் இதுதான்.

அதைப் பார்த்து அசந்துபோய் நகர்பவர்கள், அதே அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொன்றைத் தவறவிட்டுவிடக் கூடாது. ஒரு அடி உயரம்தான் இருக்கும். மூன்று சக்கரம். பின்னால் பெரிதாக இரண்டு, முன்னால் சின்னதாக ஒன்று. நடுவில் குட்டி பாய்லர், அதன் அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு. பார்த்தால் குழந்தைகள் விளையாடும் வண்டி மாதிரி இருக்கும். ஆனால், இங்கிலாந்தில் தண்ணீரையும் நெருப்பையும் மட்டுமே நம்பித் தானாக ஓடிய ஆரம்ப கால வண்டிகளில் ஒன்று அது. 1784-ல் அதைச் செய்தவர் வில்லியம் முர்டோக். போல்டன் - வாட் நிறுவனத்தின் ஊழியர்.

இரவு நேரத்தில் சர்ச்சுக்குப் போகும் பாதையில் முர்டோக் இந்த வண்டியை ஓட்டிப் பார்த்தாராம். விளக்கு எரிய, புஸ் புஸ் என்று சீறிக்கொண்டு அது அவரையே முந்திக்கொண்டு ஓட, எதிரே வந்த பாதிரியார் பேய்தான் வருகிறது என்று அலறிவிட்டாராம். முர்டோக் வேலை பார்த்த கார்ன்வால் பகுதியில் இன்றும் சொல்லப்படும் கதை இது.

பொம்மையில் தொடங்கி ரயிலில் முடிந்த பாதை அது. அதே பாதையில், பழைய பொம்மை இன்ஜின்களைப் பிரித்து, நிஜ நீராவியில் ஓடும் குட்டி ரயில் இன்ஜினை வீட்டிலேயே செய்கிறவர்கள் இங்கிலாந்தில் இப்போதும் இருக்கிறார்கள்.

பொம்மைகளின் ஊர்

பர்மிங்ஹாமை 'ஐரோப்பாவின் பெரிய பொம்மைக் கடை' என்று 18-ம் நூற்றாண்டிலேயே வர்ணித்தார் அரசியல் மேதை எட்மண்ட் பர்க். அந்தக் காலத்தில் அங்கே 'டாய்' என்றால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை. பொத்தான், பெல்ட் கொக்கி, மூக்குப்பொடி டப்பா எனச் சின்னச் சின்ன உலோகச் சாமான்கள் எல்லாமே டாய்தான். ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டனே அப்படிப் பொத்தானும் கொக்கியும் செய்து வளர்ந்தவர். சின்ன உலோகத்தைத் துல்லியமாகக் கடைந்து பழகிய கைகள் அந்த ஊரில் நிறைய இருந்தன. பெரிய இன்ஜின் செய்யவும் அந்தக் கைகள் பயன்பட்டன.

அந்தக் கைகளின் தொடர்ச்சியாக, 1937-ல் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் பர்மிங்ஹாமில் பொம்மை நீராவி இன்ஜின்கள் செய்யத் தொடங்கினார். 'மாலின்ஸ் மாடல்ஸ்' என்பதைச் சுருக்கி 'மாமோட்' என்று பெயர். பித்தளை பாய்லர், ஒரு சிலிண்டர், ஃபிளைவீல், விசில், அடியில் விளக்கு. அவ்வளவுதான். பிற்காலத்தில் இந்த நிறுவனம் இயங்கிய ஊர்களில் ஸ்மெத்விக்கும் ஒன்று. ஆம், அந்த ராட்சத இன்ஜின் நின்ற அதே ஸ்மெத்விக்!

1965-ல் 'மெக்கானோ' நிறுவனத்துக்காகவும் மாமோட் ஓர் இன்ஜினைச் செய்து கொடுத்தது. மெக்கானோ என்பது அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்ட உலோகப் பட்டைகள், நட்டு, போல்ட், பற்சக்கரங்கள் கொண்ட பிரபலமான விளையாட்டு செட். பாய்லர் ஒரு பெட்டியில், பட்டையும் பற்சக்கரமும் இன்னொரு பெட்டியில். இரண்டும் கையில் இருக்கும் குழந்தைக்கு 'இதை ரயிலாக்கினால் என்ன?' என்று தோன்றாமல் இருக்குமா?

சாப்பாட்டு மேசையில் ஒரு பட்டறை

பொம்மை இன்ஜினில் சிலிண்டர் ஆடும். பிஸ்டன் மேலும் கீழும் போக, சிலிண்டரும் ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் அசையும். ஒரு பக்கம் அசையும்போது அதன் துளை நீராவி வரும் வழியோடு சேரும். மறுபக்கம் அசையும்போது வெளியேறும் வழியோடு சேரும். தனியாக வால்வு எதுவும் தேவையில்லை. மலிவாகவும் எளிதாகவும் செய்யலாம். பொம்மைகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

இதை ரயில் இன்ஜின் ஆக்குவதில் முதல் சிக்கல் வேகம். சுமை இல்லாதபோது பொம்மை இன்ஜின் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். ஆனால், விரலால் லேசாகத் தொட்டாலே நின்றுவிடும். வேகம் உண்டு, இழுவை இல்லை. அதனால் நடுவே கியர் வைக்கிறார்கள். 10 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் நான்கில் ஒன்றாகும். உராய்வில் போனது போக, இழுவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும்.

இரண்டாவது சிக்கல், கிளம்புவது. சைக்கிள் பெடல் நேர் மேலே நிற்கும்போது அதை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராது அல்லவா? ஒற்றை சிலிண்டருக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அதனால் இரண்டு இன்ஜின்களின் சிலிண்டர்களை ஒரே அச்சில், கால் சுற்று முன்பின்னாக மாட்டுகிறார்கள். ஒன்று சிக்கி நிற்கும்போது மற்றொன்று தள்ளும். பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளுகிற வகை சிலிண்டர்கள் என்றால், கை வைக்காமலே இன்ஜின் கிளம்பும்.

எல்லாவற்றையும் மாட்டி, தண்ணீர் ஊற்றி, விளக்கைப் பற்றவைத்தால்... பெரும்பாலும் முதல் முறை ஓடாது. இரண்டு சுற்று சுற்றும், கொதிநீரைத் துப்பும், நின்றுவிடும். ஒரு சிலிண்டருக்கு நீராவி கொடுத்துக்கொண்டிருந்த பாய்லர் இப்போது இரண்டுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு அங்கே நெருப்பு போதாது.

ரசம் சொல்லும் அறிவியல்

அண்டாவில் இருக்கும் ரசம் ரொம்ப நேரம் சூடாக இருக்கும். அதையே ஒரு கரண்டியில் எடுத்தால் ஊதுவதற்குள் ஆறிவிடும். குட்டி இன்ஜினின் பிரச்னையும் இதுதான். ஒரு பாய்லரின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் பாதியாக்கினால், உள்ளே இருக்கும் தண்ணீர் எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஆனால், சூடு வெளியேறும் மேற்பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதாவது, ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் முன்பைவிட இரு மடங்கு பரப்பின் வழியே சூட்டை இழக்கிறது.

அதனால், இந்த வேலையில் இறங்குகிறவர்கள் சக்கரத்தைவிட சூட்டோடுதான் அதிக நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். பாய்லரைச் சுற்றி மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கிப் பித்தளை வளையம் போடுகிறார்கள். காற்று விளக்கை அணைக்காமல் இருக்கத் தகரத்தால் மறைப்பு கட்டுகிறார்கள். நீராவிக் குழாயை விளக்கின் சுடருக்கு நடுவே வளைத்துக் கொண்டுபோய், நீராவியை மேலும் சூடாக்கி அனுப்புகிறார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்யும்போதுதான் நின்று நின்று ஓடிய இன்ஜின் ஒரு முழு வட்டம் போகும்.

இந்தச் சூட்டுப் பிரச்னைக்காக ஒரு 'யுத்தமே' நடந்திருக்கிறது. 1920-களில், 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் 'மாடல் இன்ஜினியர்' இதழில் எழுதிவந்தவர், "சின்ன இன்ஜினுக்கு ஸ்பிரிட் விளக்கு போதாது, நிஜ ரயிலைப் போல நிலக்கரி எரியும் பாய்லர் வையுங்கள், பெரியவர்களையே இழுக்கும்" என்று வாதிட்டார். இரண்டரை அங்குல அகலப் பாதையில் ஓடும் 'ஆயிஷா' என்ற தன் இன்ஜினில் ஆள்களை ஏற்றி இழுத்தும் காட்டினார். இந்த விவாதத்தை 'பாய்லர் யுத்தம்' என்றே ஆர்வலர்கள் நினைவுகூர்கிறார்கள்.

பயம் நல்லது!

ஆள்களை இழுக்கும் இன்ஜின்கள் இருக்கட்டும்; பொம்மை இன்ஜினில் இருப்பது ஏறத்தாழ நம் வீட்டு குக்கரில் இருக்கும் அளவு அழுத்தம்தான். அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது. ஒரு பங்கு தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு இடத்தைக் கேட்கும். பழைய பொம்மைகள் பலவற்றில் பாய்லர் மூட்டுகள் ஈயப்பற்றால் ஆனவை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது உலோகத்தைக் காப்பாற்றும். தண்ணீர் வற்றிய பிறகும் விளக்கு எரிந்தால், 200 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே பற்று உருகிவிடும்.

'இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும்' என்ற ஆசையில் சேஃப்டி வால்வை இறுக்குவதுதான் இதில் செய்யக்கூடாத முதல் தவறு. புது பாய்லர் செய்தால், பிரிட்டனில் உள்ள மாடல் இன்ஜின் சங்கங்கள் முதலில் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு கொடுத்துச் சோதிக்கின்றன. நீராவி நிரம்பிய பாய்லர் வெடித்தால் ஆபத்து. குளிர்ந்த நீர் நிரம்பியது விரிசல் விட்டால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். குழந்தைகள் இந்த விளையாட்டில் இறங்கினால், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தப் பயம் ஜேம்ஸ் வாட்டுக்கும் இருந்தது. அதிக அழுத்த நீராவியை அவர் கடைசிவரை நம்பவில்லை. ஆனால், பாய்லரையும் சுமந்துகொண்டு ஓட வேண்டிய வண்டிக்கு அந்த அழுத்தம் இல்லாமல் முடியாது. 1786-ல் முர்டோக் தன் நீராவி வண்டி யோசனையோடு லண்டனுக்குக் கிளம்பியபோது, வழியில் எக்ஸெட்டரில் அவரைச் சந்தித்த போல்டன், சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். முர்டோக் பெரிய வண்டியைக் கடைசிவரை செய்யவே இல்லை. 1792-ல் நிலக்கரி வாயுவால் தன் வீட்டில் விளக்கெரித்து, வேறொரு துறையில் பெயர் வாங்கினார். அதிக அழுத்த நீராவியை நம்பி, 1804-ல் வேல்ஸில் தண்டவாளத்தின் மேல் இன்ஜினை ஓட்டிக் காட்டியவர் கார்ன்வாலைச் சேர்ந்த ரிச்சர்ட் டிரெவிதிக்.

போக விரும்பினால்...

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து திங்க்டேங்க் இருக்கும் மில்லேனியம் பாயின்ட்டுக்கு நடந்தே போய்விடலாம். அதே நிலையத்தில் ரயில் ஏறினால் ஸ்மெத்விக் கால்டன் பிரிட்ஜ் நிலையம் பக்கம்தான். 1829-ல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டிய இரும்புப் பாலத்தையும், ராட்சத இன்ஜின் தண்ணீர் ஏற்றிய கால்வாயையும் அங்கே பார்க்கலாம். குட்டி ரயில்களை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, நகருக்கு வெளியே இல்ஷா ஹீத்தில் பர்மிங்ஹாம் மாடல் இன்ஜினியர்கள் சங்கத்தின் பாதை இருக்கிறது. பொதுமக்களை அனுமதிக்கும் நாள்களை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பொம்மை இன்ஜின் ரயில் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் சில நிமிடங்கள்தான் ஓடும். பிறகு விளக்கை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு பட்டனைத் தட்டினால் ஓடும் ரயில் பொம்மைகள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. ஆனால், கொதிக்கும்வரை காத்திருந்து, சிலிண்டரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதல் 'புஸ்' சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இத்தனை பாடும். முர்டோக்கும் அன்றிரவு சர்ச்சுப் பாதையில் அப்படித்தான் நின்றிருப்பார்.